வாளியா, ஷவரா? சேலத்து வீட்டுக் குளியலறைக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

சேலத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களும், பழைய குளியலறையை இடித்துப் புதுப்பிக்கிறவர்களும், சுவரில் குழாய் பதிக்கும் நாளுக்கு முன்பாகப் பிளம்பருக்குச் சில பதில்களைச் சொல்லியாக வேண்டும். தலைக்கு மேல் ஷவர் வேண்டுமா, வாளிக்கு ஒரு குழாய் போதுமா, கையில் பிடிக்கும் ஹேண்ட் ஷவர் வைக்கலாமா, வெந்நீர் கீசரிலிருந்து வருமா மாடியிலுள்ள சோலாரிலிருந்து வருமா என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலான வீடுகளில் கடையில் பார்த்த அழகும் கையிலுள்ள பணமுமே பதிலாகிவிடுகின்றன. ஓடு ஒட்டிய பிறகு எளிதில் மாற்ற முடியாத இந்த முடிவு, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அந்த வீடு ஒவ்வொரு காலையிலும் எத்தனை லிட்டர் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே தண்ணீரை முதல் அளவுகோலாகவும் மற்றவற்றை அதற்கு அடுத்ததாகவும் வைத்து இந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

சேலத்தின் இரண்டு தண்ணீர்

நம் ஊரில் தண்ணீர் என்பது ஒன்றல்ல, இரண்டு. மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து வரும் காவிரி. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதன் முழு நீர்மட்டமான 120 அடி என்ற எண்ணைச் சேலம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. ஆனால் அந்த நீரில் மிகப் பெரும் பங்கு டெல்டாப் பாசனத்துக்கு உரியது. 2017 கோடையில் அணை வறண்டு கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, நம் வீட்டுக் குழாய் எவ்வளவு தொலைவிலுள்ள மழையை நம்பியிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரியை இன்று அந்தத் தேவைக்கு எண்ணிப் பார்க்க முடியாது.

இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், பேச்சு வழக்கில் உப்புத் தண்ணீர். கடினப் பாறையின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் இந்த நீர் பல பகுதிகளில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். நகரத்துக்கு வடக்கே மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக் குன்றுகள் உள்ள ஊர் இது. கடின நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலம் கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகித் தோலிலும் முடியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவ மேலும் தண்ணீர் வேண்டும். எந்தக் கருவியைப் பற்றிப் பேசினாலும் அது எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறது என்று கேட்காமல் பேசுவது சேலத்துக்குப் பொருந்தாது.

அளவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கப்படும் அளவு. இந்த 135-ஐப் பொறியியல் பாடநூல்கள் பிரித்துக் காட்டும்போது குடிக்க 5, சமைக்க 5, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, துணிக்கு 20, கழிப்பறைக்கு 30 என்று ஒதுக்கிவிட்டு, குளியலுக்கு மட்டும் 55 லிட்டர் தருகின்றன. அதாவது வீட்டுத் தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கு குளியலறையில் கரைகிறது. வேறெங்கும் சிக்கனம் செய்வதைவிட இங்கே செய்வதற்கு இடம் அதிகம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

வாளியும் குவளையும்

வழக்கமான பிளாஸ்டிக் வாளியில் 16 முதல் 20 லிட்டர் பிடிக்கும். நன்றாகத் தேய்த்துக் குளிக்கும் பெரியவர் ஒருவருக்கு ஒரு வாளி போதும்; தலைக்குக் குளிக்கும் நாளில் ஒன்றரை அல்லது இரண்டு வாளி ஆகலாம். ஒரு வாளி என்பது 55 லிட்டர் ஒதுக்கீட்டில் பாதிக்கும் குறைவான அளவு. வாளிக் குளியலின் உண்மையான வலிமை அந்த அளவில்கூட இல்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது குளிக்கிறவருக்குக் கண்முன் தெரிந்துகொண்டே இருக்கிறது என்பதில் இருக்கிறது. பாதி வாளி தீர்ந்ததும் கை தானாகவே அளந்து மொள்ளத் தொடங்கும். ஷவரில் குளிக்கிறவருக்கு இந்தத் தகவல் கிடைப்பதேயில்லை.

இதைவிடவும் கவனிக்கத்தக்க இன்னொரு நன்மை, விளாவும்போது எதுவும் வீணாவதில்லை என்பது. வெந்நீர்க் குழாயைத் திறந்தவுடன் குழாய்க்குள் ஆறிக் கிடந்த தண்ணீர்தான் முதலில் வரும். ஷவரில் அது கால்வழியே போய்விடும். சூடு சரியாக அமையும்வரை கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும் அரை நிமிடமும் அப்படியே போய்விடும். வாளியில் அந்த ஆறிய தண்ணீரே விளாவுவதற்கான பச்சைத் தண்ணீராகிறது.

சேலத்துக் கோடையில் வாளிக்கு மூன்றாவது ஒரு பயனும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கறுப்புத் தொட்டியில் வெயில் ஏறிய பிறகு மதியமோ மாலையோ குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். சூடு போகட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டு நிற்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. விடியற்காலையிலேயே இரண்டு வாளி பிடித்து மூடி வைத்துவிட்டால் அந்த இழப்பு இல்லை. காவிரித் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வரும் வீடுகளில், உடம்புக்கு உப்புத் தண்ணீரையும் தலைமுடியின் கடைசி அலசலுக்கு அரை வாளி காவிரித் தண்ணீரையும் வைத்துக்கொள்வது வாளியில் மட்டுமே இயல்பாக நடக்கும். சுவருக்குள் ஒரே இணைப்பில் கட்டப்பட்ட ஷவருக்கு அது இயலாது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிய வழிய, அதிலிருந்தே மொண்டு குளிக்கிற பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. அப்படிக் குளிப்பவர் ஷவரில் குளிப்பவரைவிடக் குறைவாகச் செலவழிக்கிறார் என்று சொல்ல முடியாது. வாளி சிக்கனமாவது, குழாயை மூடிய பிறகுதான்.

குனிய முடியாதவர்களுக்கு வாளி ஒரு துன்பம் என்பதும் உண்மை. முட்டிவலி உள்ள முதியவர் ஈரத் தரையில் நின்றுகொண்டு குனிந்து மொள்வது ஆபத்தானது. உயரமான முக்காலியில் உட்கார்ந்தால் குவளை எட்டாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வாளி மட்டும் போதும் என்று எல்லா வீட்டுக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தலைக்கு மேல் ஷவரும் தொட்டியின் உயரமும்

ஷவரின் கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் ஷவரின் கீழ் 7 நிமிடம் நின்றால் 56 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டில் அது 224 லிட்டர். வாளிக்கு 20 லிட்டர் வீதம் அதே நால்வருக்கு 80 லிட்டர். ஒரு நாளைய வித்தியாசம் 144 லிட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஓர் ஆண்டில் அது 52,000 லிட்டரைத் தாண்டுகிறது. 1,000 லிட்டர் மாடித் தொட்டி ஐம்பது முறைக்கு மேல் நிரம்பி, எவருக்கும் பயன்படாமல் வடிந்ததற்கு ஈடான அளவு அது. 12,000 லிட்டர் லாரித் தண்ணீராக வாங்கினால் நான்கு லாரிக்கு மேல் வரும்.

இங்கே வெளிநாட்டு எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு பிழை நேர்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் ஷவருக்கு நிமிடத்துக்கு 9.5 லிட்டர் என்ற உச்சவரம்பு உள்ளது. தண்ணீர்ச் சிக்கனத்துக்கான முத்திரை பெற அதையும் 7.6 லிட்டராகக் குறைக்க வேண்டும். அந்த எண்கள், தெருக்குழாயிலிருந்தே நல்ல அழுத்தத்தில் தண்ணீர் பாயும் வீடுகளுக்கு உரியவை. நம் வீடுகளில் தண்ணீர் தரைத்தொட்டிக்கு வந்து, மோட்டாரால் மாடிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையால் இறங்கி வருகிறது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மாடிப்படி அறையின் மேல் தொட்டி வைத்திருந்தாலும், மேல்தளக் குளியலறையின் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே மூன்றரை மீட்டர் உயரம் இருந்தால் பெரிது, அதாவது 0.3 பாரைச் சற்றே தாண்டும் அழுத்தம். கீழ்த்தளத்தில் அது 0.6 பாருக்குச் சற்று மேல்.

தண்ணீரின் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும் என்பதால், அழுத்தம் நான்கில் ஒன்றானால் ஓட்டம் பாதியாகும். பெட்டியில் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 9 லிட்டர் என்று அச்சிடப்பட்டிருக்கும் ஒரு சாதாரண ஷவர், 0.3 பாரில் ஏறக்குறைய 3 லிட்டர்தான் தரும். எனவே மேல்தளத்தில் இருப்பவர் தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று ஓட்டம் குறைந்த ஷவர் தலையை வாங்கி மாட்டினால், சொட்டுச் சொட்டாக வழியும் நீரின் கீழ் பத்து நிமிடம் நிற்க நேரும். அதில் சேமிப்பும் இல்லை, குளித்த நிறைவும் இல்லை. காற்றைக் கலந்து தண்ணீரைப் பெருக்கிக் காட்டும் வகைத் தலைகளுக்கு நம் தொட்டி தருவதைவிடக் கூடுதலான அழுத்தம் தேவை. பிரஷர் பம்ப் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவை மிகவும் பயனுள்ளவை. மாடித் தொட்டியை மட்டும் நம்பிய தனி வீட்டில் அப்படியல்ல. வாங்குவதற்கு முன்பு, இப்போதுள்ள ஷவரின் கீழ் வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். 6 லிட்டருக்குக் குறைவாக வந்தால் அந்த வீட்டில் ஓட்டத்தைக் குறைக்கும் எந்தக் கருவிக்கும் வேலை இல்லை. குறைக்க வேண்டியது நேரத்தை.

கடைகளில் இப்போது அதிகம் காட்டப்படும் மழை ஷவரைப் பற்றி எனக்குத் தயக்கமற்ற கருத்து உண்டு: சேலத்துத் தனி வீட்டுக்கு அது வேண்டாம். எட்டு அங்குலம், பத்து அங்குல அகலமுள்ள அந்தத் தட்டின் எல்லாத் துளைகளிலும் தண்ணீர் ஒழுங்காக இறங்க நம் தொட்டியின் அழுத்தம் போதாது. மாட்டிய சில நாட்களிலேயே வீட்டார் பிரஷர் பம்ப் வாங்கச் செல்வார்கள். பம்ப் வந்ததும் ஷவரில் மட்டுமல்லாமல் கை கழுவும் தொட்டியிலும் சமையலறையிலும் கழிப்பறையிலும் ஒவ்வொரு குழாயின் ஓட்டமும் கூடிவிடும். மழை ஷவரின் உண்மையான தண்ணீர்ச் செலவு அதன் கீழ் நடப்பதோடு முடிவதில்லை. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் அந்த நூற்றுக்கணக்கான துளைகளில் படியும் உப்பை எடுப்பது தனி வேலை. துளைகள் ரப்பரால் ஆனவை என்றால் விரலால் தேய்த்தால் போகும். உலோகத் துளையானால் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைக்க வேண்டும்.

கையில் பிடிக்கும் ஷவர்

வாளிக்கும் நிலையான ஷவருக்கும் இடையில் நான் பரிந்துரைப்பது இதைத்தான். நீண்ட குழலும், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தாங்கியும் உள்ள ஹேண்ட் ஷவருக்கு அழுத்தம் அதிகம் வேண்டியதில்லை. தலை உயரத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டிய கட்டாயம் இல்லாமல் இடுப்பு உயரத்தில் பிடித்துக் குளிக்கலாம் என்பதால், தொட்டியிலிருந்து கிடைக்கும் உயரம் ஒரு மீட்டர் கூடுகிறது. மேல்தளத்தில் அந்த ஒரு மீட்டர் பெரிய வித்தியாசம். தண்ணீர் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் விழும். குவளையால் ஊற்றும் நீரில் பெரும்பகுதி முடியின் மேற்பரப்பில் வழிந்து போய்விட, இதில் வேர்க்காலுக்கு அருகிலேயே பிடித்து அலசலாம். நீளமான முடி உள்ளவர்களுக்கு எண்ணெய் தேய்த்த நாளில் இதன் அருமை தெரியும். முதியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குளிக்கலாம். படுத்த படுக்கையாக இருந்து எழுந்தவரை இன்னொருவர் குளிப்பாட்டவும் எளிது.

ஆனால் இதன் சிக்கனம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. நனைந்ததும் நிறுத்த வேண்டும். சோப்பு தேய்க்கும்வரை நீர் ஓடக் கூடாது. பிறகு திறந்து அலச வேண்டும். நிமிடத்துக்கு 7 லிட்டர் வரும் ஷவரில் நனைய ஒரு நிமிடமும் அலச இரண்டு நிமிடமும் போனால் மொத்தம் 21 லிட்டர், அதாவது ஒரு வாளி. இதே முறையைத் தலைக்கு மேலுள்ள ஷவரிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் யாரும் செய்வதில்லை. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் இரண்டு தனித்தனித் திருகுகளால் விளாவி ஒரு வழியாகச் சூட்டைச் சரிசெய்த பிறகு, அவற்றை மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க எவருக்கும் மனம் வராது. ஆகவே நிறுத்துவதை எளிதாக்கும் அமைப்புதான் இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. சிங்கிள் லீவர் மிக்சர் என்னும் ஒற்றைக் கைப்பிடிக் குழாயில், பக்கவாட்டில் வைத்த சூட்டின் நிலை மாறாமல், கைப்பிடியை இறக்கி நிறுத்தி மறுபடி தூக்கித் திறக்கலாம். அந்தக் கைப்பிடி, உட்கார்ந்து குளிப்பவருக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஓட்டம் எத்தனை லிட்டர் என்ற பெட்டிமேல் எழுத்தைவிட இந்த ஒரு உயரம் முக்கியமானது.

ஹேண்ட் ஷவரின் பிடியிலேயே பொத்தான் உள்ள வகைகளும் உண்டு. அதை மட்டும் அழுத்தி நிறுத்திவிட்டுச் சுவர்க் குழாயைத் திறந்தே விட்டுவிட்டால், குழல் நாள் முழுவதும் அழுத்தத்தில் இருந்து என்றாவது ஒரு நாள் வெடிக்கக்கூடும். வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றின் குழாய்க்குள் மற்றொன்று ஏறவும் வாய்ப்புண்டு. குளியலின் நடுவில் பொத்தான், முடிந்ததும் சுவர்க் குழாய் என்று பழக வேண்டும். போர்த் தண்ணீரில் வரும் நுண்மணல், ஒற்றைக் கைப்பிடிக் குழாயின் உள்ளே உள்ள செராமிக் தகடுகளைக் கீறிக் கசியவைத்துவிடும் என்பதால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு சல்லடை வடிகட்டி வைப்பது நல்லது.

நுரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சோப்பும் கடின நீரும் சேர்ந்து உண்டாக்கும் படிவைப் போல, சீயக்காயிலும் அரப்பிலும் உள்ள இயற்கை நுரைப்பொருள் கடின நீரோடு சேர்ந்து படிவதில்லை. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் தலைக்கு அரப்பு தேய்க்கும் நம் பகுதி வழக்கம் அலசும் தண்ணீரையும் குறைக்கிறது. கடின நீரை மென்மையாக்கும் இயந்திரம் வைப்பவர்கள், அது அவ்வப்போது உப்புக் கரைசலால் தன்னைக் கழுவிக்கொள்ளத் தனியே தண்ணீர் செலவழிக்கும் என்பதையும், அந்த உவர்நீரைச் செடிக்கு விடக் கூடாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெந்நீர் எங்கிருந்து?

குளிக்கும் முறையை ஒன்றாகவும் வெந்நீர்க் கருவியை வேறொன்றாகவும் தேர்ந்தெடுப்பதால்தான் பல வீடுகளில் இரண்டும் பொருந்தாமல் போகின்றன. 3 கிலோவாட் உடனடி ஹீட்டர், 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 3 லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தர முடியும். இது இயற்பியல் விதிக்கும் எல்லை, எந்த நிறுவனத்தின் பொருளானாலும் மாறாது. இதனால் ஷவருக்கு அது உதவாது. வாளிக்கு நன்றாக உதவும்: கொதிக்கக் கொதிக்க மெல்லப் பிடித்து விளாவிக்கொள்ளலாம், தேவைக்கு மேல் ஒரு லிட்டர்கூடச் சூடாகாது.

15 லிட்டர் தொட்டி உள்ள கீசரில் 60 டிகிரி வெந்நீர் இருந்தால், 24 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு விளாவியபின் 40 டிகிரியில் 33 லிட்டர் அளவு கிடைக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடும் ஷவருக்கு அது நான்கு நிமிடம். நிறுத்தி நிறுத்திக் குளிப்பவருக்கு ஒரு குளியலுக்கு மேல். ஷவர் வைத்த பிறகு 15 லிட்டர் போதவில்லை என்று 25 லிட்டர் கீசர் வாங்கும் வீடுகள் பல. குழாயை நிறுத்தும் பழக்கம் இருந்தால் அந்தச் செலவு தேவைப்படாது. மின்சாரக் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. 15 டிகிரி ஏற்ற வேண்டிய நாளில் ஒரு வாளிக்கு ஏறத்தாழ 0.35 யூனிட், 56 லிட்டர் ஷவருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்.

சோலார் வாட்டர் ஹீட்டருக்குச் சேலத்து வெயிலில் குறையே இல்லை. அதன் தண்ணீர் இழப்பு குழாயின் நீளத்தில் இருக்கிறது. முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வளைந்து நெளிந்து 20 மீட்டர் வந்தால் 5 லிட்டர் ஆறிய நீரைக் கடந்த பிறகே சூடு வரும். நால்வரும் அடுத்தடுத்துக் குளித்தால் இந்த 5 லிட்டர் ஒருமுறைதான் போகும்; ஆளுக்கொரு நேரத்தில் குளித்தால் நான்கு முறை போகும். குழாயைச் சுருக்கமான வழியில் இறக்குவதும், அதன்மேல் காப்புறை போடுவதும், முதல் தண்ணீரை வாளியில் பிடிப்பதும் சேர்ந்தால் சோலார் மிக நல்ல தேர்வு. கடின நீரை நேரே விட்டால் கண்ணாடிக் குழாய்களுக்குள் உப்புப் படிந்து சூடேறுவது குறையும் என்பதால், காவிரித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அதற்கு இணைப்பு எடுப்பது பொருத்தம்.

ஏற்காட்டில் கணக்கு மாறுகிறது

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் தோட்டத்து வீடு, விடுதி, தங்கும் வீடு வைத்திருப்பவர்கள் சேலத்து முடிவை அப்படியே மேலே கொண்டுபோக முடியாது. குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால், அதை 40-க்குக் கொண்டுவர 25 டிகிரி ஏற்ற வேண்டும். நால்வர் ஷவரில் குளித்தால் ஆறரை யூனிட், வாளியில் என்றால் 2.3 யூனிட். மேலே சொன்ன 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் அந்தக் குளிரில் நிமிடத்துக்கு 2 லிட்டர்கூடத் தராது. மூடுபனி சூழ்ந்த நாட்களில் சோலாரை மட்டும் நம்ப முடியாது.

இன்னொரு பக்கம், குளிரில் குவளைக்குக் குவளை உடம்பு நடுங்குவதும், வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டே வருவதும் உண்மை. ஷவரை நிறுத்திவிட்டுச் சோப்பு தேய்க்கச் சொன்னால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்; கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. மலையில் பாறைக்கு மேலுள்ள மண் பிடித்துவைக்கும் நீரைத்தான் ஊற்றுகளும் கிணறுகளும் தருகின்றன. மழை நிறையப் பெய்தாலும் சரிவில் இறங்கிப் போய்விடும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பும் இடங்கள் உண்டு. சுற்றுலாப் பயணிகள் அதிகமாக வருவதும் அதே கோடையில்தான். ஆகவே விடுதி வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை வேறு: விருந்தினரின் பழக்கத்தை மாற்ற முயலாமல் ஓட்டத்துக்கு வரம்பு கட்ட வேண்டும். விடுதிகளில் பம்ப் இருப்பதால் அழுத்தம் போதுமான அளவில் இருக்கும். அங்கே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஷவர் தலை தன் வேலையைச் சரியாகச் செய்யும். கீசரை ஒவ்வொரு குளியலறையின் சுவரிலேயே வைத்துக் குழாயை ஒன்றிரண்டு மீட்டருக்குள் முடித்தால், சூட்டுக்காகக் காத்திருந்து கொட்டும் நீர் மிச்சமாகும்.

தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு விறகு பாய்லரை விட்டுவிட நான் சொல்லமாட்டேன். காப்பிச் செடி கவாத்து செய்யும்போதும் நிழல்மரமான சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்கும்போதும் விறகு எப்படியும் கிடைக்கிறது. பாய்லரிலிருந்து வாளிக்குப் பிடித்து விளாவும் முறை, மேலே பார்த்த வழிகளில் தண்ணீரை மிகக் குறைவாகச் செலவழிப்பவற்றில் ஒன்று. புகை வீட்டுக்குள் தேங்காதபடி அது வெளிப்புறச் சுவரோரம் இருக்க வேண்டும்.

பிளம்பரிடம் சொல்ல வேண்டியது

சேலத்தில் நான்கைந்து பேர் வாழும் தனி வீட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது இது: தலைக்கு மேல் நிலையான ஷவர் வேண்டாம், ஒற்றைக் கைப்பிடி மிக்சருடன் நகரும் தாங்கியில் ஒரு ஹேண்ட் ஷவர், கைப்பிடி உட்கார்ந்தவருக்கு எட்டும் உயரத்தில், அதற்குக் கீழே வாளிக்குத் தனிக் குழாய், இரண்டு தண்ணீரும் உள்ள வீடானால் வாளிக்கு இரண்டு குழாய். வெந்நீருக்கு இடமும் வெயிலும் இருந்தால் காப்புறையிட்ட குழாயுடன் சோலார், இல்லையென்றால் 15 லிட்டர் கீசர். ஓர் ஓரத்தில் உட்கார ஒரு திண்ணையும் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் முதியவர் இல்லாத வீட்டிலும் வைத்துவிடுவது நல்லது; பின்னாளில் சுவரைத் துளைப்பதைவிட இது எளிது. அடுக்குமாடியில் வாங்குபவர், பம்ப் இருந்தால், இதே அமைப்பில் ஓட்டக் கட்டுப்பாடு உள்ள தலையை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

தரையை இடித்திருக்கும் அதே நாட்களில் இன்னொரு குழாயையும் பிரித்துவிட வேண்டும். குளியலறைத் தண்ணீர் கழிப்பறைக் குழாயோடு சேர்ந்துவிட்டால் அதை மீண்டும் பயன்படுத்த வழியில்லை. தனியாக வெளியே எடுத்தால், வாளிக் குளியல் என்றாலும் நால்வர் வீட்டில் நாளைக்கு 80 லிட்டர், தோட்டத்திலுள்ள இரண்டு தென்னைக்கோ, வாழை, கல்வாழைப் பாத்திக்கோ போகும். ஒரே இடத்தில் தொடர்ந்து விடாமல் பாத்தியை மாற்றி மாற்றி விட வேண்டும், சோப்பின் சோடியம் மண்ணில் சேராமலிருக்க. கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் இந்த நீரை விடக் கூடாது. தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுத்துக் கொசுவும் சேரும் என்பதால், தேக்காமல் சரிவில் ஓடிச் சேரும்படி குழாயின் வாட்டத்தைக் கொத்தனார் முதலிலேயே அமைத்துவிட வேண்டும்.